இரண்டு பஞ்சாங்கத்துக்கும் பிடித்த நாள்

துபாயில் நான் கணக்கு எழுதிய விளக்குக் கடைக்கு முதலாளி ஒரு சீன அம்மாள். மேடம் என்போம். கடையை நடத்தியது என்னவோ கல்லாவுக்கு மேல் நூல் கட்டித் தொங்கிய சிவப்பு அட்டைப் புத்தகம்தான். சீனப் பஞ்சாங்கம். முடி வெட்ட ஆகாத நாள், கட்டில் போட ஆகாத நாள், மண் தோண்ட ஆகாத நாள் என்று எல்லாம் அதில் உண்டு. சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் மேடம் பக்கம் புரட்டுவார். சரக்கு லாரி வெயிலில் நிற்கும். பாகிஸ்தான் பட்டாணி டிரைவர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தி ஹாரன் அடிப்பார். நாங்கள் நல்ல வேளைக்காகக் காத்திருப்போம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். நாலு புத்தகம் படித்தவனாயிற்றே, வாய் சும்மா இருக்குமா? எங்கள் நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு என்று, ஊரிலிருந்து வந்த சிவகாசி தினசரிக் காலண்டரைக் கொண்டுபோய் அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். ராகு காலம், எமகண்டம் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். மேடத்துக்கு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து லாரி இரண்டு நாட்டு நல்ல நேரத்துக்கும் நின்றது.

"ஒண்ணு பத்தாதுன்னு இன்னொண்ணையும் கொண்டாந்து மாட்டிட்டீரேவே," என்றார் ஸ்டோர் பார்த்த காயல்பட்டினத்து பாய். "ராகு காலம் நம்மூரு மணிக்கா, துபாய் மணிக்கா? அதையாவது சொல்லும்."

"தெரியலயே பாய்."

"அப்ப ரெண்டுக்கும் நிப்போம்."

அந்த வருடம் கடை பெரிய இடத்துக்கு மாறுவதாக இருந்தது. ஊரில் என் மகளுக்குக் காது குத்து. அவள் பிறந்தபின் நான் ஊருக்கே போகவில்லை; போட்டோவில்தான் பழக்கம். புதுக் கடை திறந்ததும் லீவு என்று மேடம் சொல்லியிருந்தார். என் பாஸ்போர்ட் அவர் மேஜை டிராயரில் இருந்தது. ஒரு நாள் சிவப்புப் புத்தகத்தைப் புரட்டி, கடை திறக்க ஒரு தேதியில் விரலை வைத்தார். காது குத்தும் அதே தேதி.

முந்தின நாள் திறக்கலாமே, அன்றைக்கே விமானம் ஏறிவிடுவேனே என்றேன். சீனக் கணக்கில் அது முயல் நாள், சேவல் வருடத்தில் பிறந்த தனக்கு ஆகாது என்றார். முயலுக்கும் சேவலுக்கும் என்ன வரப்புத் தகராறோ! தள்ளிப்போடவும் வழியில்லை, பழைய கடைச் சாவியைக் கட்டிடக்கார அரபியிடம் ஒப்படைத்தாக வேண்டும். இருந்தாலும் என் முகத்தைப் பார்த்து மேடம் கொஞ்சம் இளகினார். "உன் புக் என்ன சொல்லுது?" என்றார்.

ஓடிப்போய்ப் புரட்டினேன். சுபமுகூர்த்த நாள். இருக்காதா பின்னே? அதைப் பார்த்துத்தானே என் மாமனார் காது குத்தையே வைத்திருந்தார்!

மேடம் திருப்தியாகப் புத்தகத்தை மூடினார். பாய் எட்டிப் பார்த்தார். "சீனாவும் சிவகாசியும் ஒத்துப்போச்சுவே. இனி ஓம்ம பேச்சு எடுபடாது."

ஊரில் மனைவிக்குப் போன் போட்டேன். "தேதிய மாத்த முடியாதா?"

"நல்லாருக்கே! பத்திரிகை அடிச்சாச்சு, ஆட்டுக்குச் சொல்லியாச்சு. இதவிட நல்ல நாள் இல்லைங்கிறார் அப்பா."

"மேடமும் அதத்தான் சொல்றாங்க."

"மடியில வச்சுக்க எங்கண்ணன் இருக்கான்." போனை வைக்கும்முன், "நீங்களும் இருந்தா நல்லாருக்கும்," என்றாள்.

திறப்பு விழா அன்று காலை வாசலில் சிவப்பு ரிப்பன். அங்கே பட்டாசு வெடிக்க அனுமதியில்லை. அதனால் மேடம் பட்டாசுச் சத்தம் பதிந்த கேசட் ஒன்று வரவழைத்திருந்தார். என் காதில் போன்.

"ஆசாரி வந்துட்டார். குத்தப் போறாங்க, கேட்டுக்குங்க," என்றாள் மனைவி.

மேடம் ரிப்பனை வெட்டினார். கேசட் வெடித்தது. ஒரு காதில் கேசட் சரவெடி, போன் வைத்த காதில் ஊர்ச் சரவெடி. ஒரு வழியாக ஓய்ந்ததும் மனைவி கத்தினாள்.

"அங்க என்னங்க சத்தம்? புள்ள அழுதது கேட்டுச்சா?"

"ஒண்ணுமே கேக்கல."

"சரி, இன்னொரு காது பாக்கியிருக்கு. அப்படியே இருங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றேன். தொலைவில் யாரோ, "மாமன் இறுக்கிப் பிடிங்கப்பா," என்பது கேட்டது. மேடம் என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார். பிறகு பாய் பக்கம் திரும்பி, கேசட்டை மறுபக்கம் போடச் சொல்லிக் கை காட்டினார்.