அவள் சிரித்த இடம்

நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. திண்டுக்கல் பக்கம் பரோட்டாக் கல்லில் நின்றவன், டெக்சஸ் வந்து கேட்டி என்கிற ஊரில் சொந்தமாக ஓட்டல் வைத்து, எம்.எஸ். படித்தவர்களையும் டாக்டர்களையும் சனிக்கிழமை மத்தியானம் வாசலில் வரிசையாக நிற்கவைத்தேன். ஃப்ரீவேயிலிருந்து இறங்கும்போதே என் சாம்பார் வாசனை வந்துவிடும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் சொன்னது அவர்கள், நானில்லை. இந்த வட்டாரத் தமிழ்க் கல்யாணங்களில் பாதிக்கு என் சமையல்தான். என்னால் முடியாதது என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை, என் மனைவிக்கு ஸ்ட்ரோக் வரும் வரை.

அது வந்ததும் ஓட்டலை விற்றுவிட்டேன். அவளுக்கு வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "இருக்கட்டும்." காபி வேண்டுமா என்றாலும் இருக்கட்டும். வலிக்கிறதா என்றாலும் இருக்கட்டும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த வெள்ளைக்காரப் பெண் அந்தச் சொல்லை அழகாகச் சொல்லக் கற்றுக்கொண்டாள். என் மனைவி வேறு எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு சாயங்காலம் டிவியில் அந்தப் பிரிட்டிஷ் காமெடி வந்தது. ரொம்பப் பழசு. எனக்கு அந்த இங்கிலீஷ் ஒரு வரிகூடப் புரியவில்லை. புரியவும் வேண்டாம், எல்லாம் விழுவதும் வழுக்குவதும்தான். கல்யாணமாகாத ஒல்லிக்குச்சி ஆள் ஒருவன். ஒவ்வொரு பெண்ணாக டேட்டிங் கூட்டிப்போகிறான். ஒருத்தியின் விரலைக் கார் கதவில் நசுக்கிவிடுகிறான். இன்னொருத்திக்குக் கொடுத்த பூங்கொத்துக்குள்ளிருந்து தேனீ வருகிறது. கடைசியாக ஒரு பெரிய ஓட்டல். சட்டை நுனி என்று நினைத்து மேஜைத்துணியைத் தன் பெல்ட்டுக்குள் செருகிக்கொள்கிறான். அந்தப் பெண் கோபித்துக்கொண்டு எழுந்து போக, இவன் பின்னாலேயே ஓட, துணியோடு சூப்பு, கோப்பை, மெழுகுவர்த்தி எல்லாம் தரையில். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

என் சிரிப்பு அடங்கியபோது பக்கத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், வாயின் இடது பக்கம் மட்டும் மேலே ஏறி, கண்ணில் தண்ணீரோடு, என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் சிரிப்பு.

மகளுக்குப் போன் போட்டேன். அவள் இங்கேயே பிறந்தவள். ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட். தமிழ் எல்லாம் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். அதே எபிசோடை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, எனக்கு ரிமோட்டில் ஒரே பட்டன் அழுத்தினால் வரும்படி வைத்துக்கொடுத்தாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் அதுதான் எங்கள் வீட்டில் பூஜை. துணி உருவும் இடத்தில் நான் சிரிப்பேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் சிரிப்பாள். மூளைக்கு விஷயம் போய்ச்சேர நேரம் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது நான் டிவியையா பார்ப்பேன்? அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு சிரிப்பு குறைந்தது. முதலில் சத்தம் போயிற்று. அப்புறம் உதடு மட்டும் அசைந்தது. ஒரு நாள் அதுவும் இல்லை. பட்டனை அழுத்தினேன், ஒல்லி ஆள் விழுந்தான், அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஸ்கேனையும் ரத்தத்தையும் பார்ப்பார். எனக்கு வேண்டியது அந்தச் சிரிப்பு. அதுவும் போய்விட்டால் வீட்டில் நானும் டிவியும்தான்.

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற ஆளில்லை. டிவியில் பார்த்துச் சலித்துவிட்டது, நேரில் காட்டினால் சிரிப்பாள் என்று முடிவு செய்தேன். மகளிடம் சொன்னேன்.

"உங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு ஓட்டலுக்குப் போறேன். நாங்க ரெண்டு பேரு மட்டும்."

"யூ மீன், எ டேட்?"

"ஆமா, டேட்டுதான். ஏன், உங்க ஆளுங்களுக்கு மட்டும்தான் பட்டா போட்டுக் குடுத்திருக்கா?"

அவள் சிரித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, ஹேவ் யூ எவர் டேக்கன் ஹெர் அவுட்? ஒன்ஸ்?"

"தினம் ஓட்டலுக்குக் கூட்டிக்கிட்டுத்தானே போனேன்!"

"தட் வாஸ் வொர்க், அப்பா."

அவளையே மேஜை சொல்லிவைக்கச் சொன்னேன். எங்கே போவது? எனக்குத் தெரிந்த நல்ல ஓட்டல் ஒன்றுதான், நான் கட்டியது. வாங்கியவன் மெட்ராஸ் பையன். பெயர்ப்பலகையை மட்டும் மாற்றியிருந்தான். மேஜை, நாற்காலி, விளக்கு எல்லாம் நான் வாங்கிப் போட்டதுதான். மனைவிக்கு மகள் அரக்குப் பட்டுச் சேலை கட்டிவிட்டாள். நான் கோட்டு போட்டுக்கொண்டேன். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் பையன் ஓடி வந்தான்.

"வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி! கார்னர் டேபிள் உங்களுக்குத்தான். என்ன அங்கிள், கோட்டு சூட்டெல்லாம்? பொண்ணு பாக்க வந்தாப்ல இருக்கு?"

"ஆமாடா தம்பி. இதுதான் பொண்ணு. புடிச்சிருந்தா முடிச்சிடலாம்."

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கண்ணால் ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரசம் வந்தது, நெய் ரோஸ்ட் வந்தது, தண்ணீர் ஜாடி வந்தது. அவள் என்னைப் பார்க்கிற நேரமாகப் பார்த்து, மேஜைத்துணியின் நுனியை எடுத்துப் பெல்ட்டுக்குள் செருகினேன். அவளுக்குத் தெரிய வேண்டுமே என்று கொஞ்சம் ஆட்டிக்காட்டிச் செருகினேன். பிறகு கோபித்துக்கொண்டு போகிறவன் மாதிரி விருட்டென்று எழுந்து நடந்தேன்.

துணி வரவில்லை. மேஜைத்துணிக்கு மேல் கனமான கண்ணாடி. போட்டவன் நான்தான். தினம் துணியை லாண்டரிக்குப் போட்டால் கட்டுப்படியாகாது, கண்ணாடி என்றால் ஒரு துடைப்பில் வேலை முடியும் என்று ஊரிலிருக்கும் ஓட்டலுக்கெல்லாம் யோசனை சொன்னவன். என் மூளையை எல்லோரும் மெச்சினார்கள். அன்றைக்கு அது எனக்கு ஞாபகம் வரவில்லை. போன வேகத்துக்குப் பெல்ட் என்னைப் பின்னால் இழுத்தது, மேஜை என் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது, நான் மல்லாக்க விழுந்தேன். ஜாடி தலைக்கு மேல் போயிற்று. ரோஸ்ட் என் மார்பில். ரசம் கண்ணாடி மேல் பரவி நாலு பக்கமும் ஓடியது. டிவியில் கூட இத்தனை நன்றாக வராது. ஒரு குழந்தை கைதட்டிச் சிரித்தது.

நான் தரையிலிருந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. இடது கையால் நாப்கினை எடுத்து நான்காக மடித்து, துடைக்க ஆரம்பித்திருந்தாள். ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து தன் பக்கமாக. அந்த ஓட்டலில் கல்லா என்னுடையது, மேஜைகள் அவளுடையவை. ஒரு கையால் இழுத்து, மறு கையில் தட்டை மேஜை விளிம்புக்குக் கீழே பிடித்து, ஒரு சொட்டு தரையில் விழாமல் வாங்குவாள். இப்போது வாங்க மறு கை இல்லை. இழுத்த ரசமெல்லாம் பட்டுச் சேலையின் மடியில் விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. மறுபடி ஓரத்திலிருந்து இழுத்தாள்.

பையன் பதறிக்கொண்டு வந்தான். "அங்கிள், அடி கிடி பட்டுச்சா? ஆன்ட்டி, விடுங்க ஆன்ட்டி, நம்ம ஆளுங்க பாத்துக்குவாங்க."

"இருக்கட்டும்" என்றாள்.

அந்தச் சொல்லை அந்த இடத்தில் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. எந்தக் குழந்தை எதைக் கொட்டினாலும், எந்தத் தாய் மன்னிப்புக் கேட்டாலும், "இருக்கட்டும் கண்ணு, நான் பாத்துக்குறேன்" என்று துணியோடு போய் நிற்பாள். கல்லாவிலிருந்து தினம் கேட்ட குரல். வேறு எல்லாச் சொல்லும் போய் இது மட்டும் ஏன் நின்றது என்று டாக்டரைக்கூடக் கேட்டிருக்கிறேன்.

எழுந்து, ஒரு தட்டை எடுத்து மேஜை விளிம்புக்குக் கீழே பிடித்தேன். அவள் இழுத்தாள், நான் வாங்கினேன். கொஞ்சம் சிந்தியது. நான் தட்டைப் பிடித்த கோணம் சரியில்லை போலிருக்கிறது, முழங்கையால் என் கையை இடித்து நகர்த்தினாள். கண்ணாடி காய்ந்து விளக்கு அதில் தெரிகிற வரை விடவில்லை. யாரும் பக்கத்தில் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் சேலையை மாற்றிவிட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். "நேர்லயே விழுந்து காட்டிட்டேன், சிரிக்கவே இல்ல. டிவியில அந்த ஆள் விழுந்தப்போ லேட்டாவாவது சிரிச்சா."

மகள் ரிமோட்டைக் கையில் எடுத்தாள். "அப்பா, ஷி வாஸ் நெவர் லேட். ஷி லாஃப்ஸ் அட் த லேடி."

"எந்த லேடி?"

அவள் பட்டனை அழுத்தினாள். முதல் தடவையாக நான் மனைவியைப் பார்க்காமல் கடைசி வரை டிவியைப் பார்த்தேன். துணி உருவி, எல்லாம் உடைந்து, கூட்டம் கலைந்த பிறகு, வாளியோடு ஒரு பெண் வருகிறாள். கூட்டுகிற பெண். வயதானவள். தரையைப் பார்க்கிறாள். ஒல்லி ஆள் திரும்பி வந்து ஏதோ சமாதானம் சொல்கிறான். அவள் கேட்டுக்கொண்டே வாளியை எடுத்து அவன் தலையில் கவிழ்க்கிறாள். ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போடுகிறாள். தரையில் அவன் விட்டுப்போன பூவை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக வெளியே போகிறாள். அவ்வளவுதான், படம் முடிகிறது.

நான் மெதுவாகத் திரும்பினேன். அந்தப் பெண் கதவைத் தாண்டும்போது என் மனைவியின் இடது உதடு கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. அது சிரிப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"இன்னொரு வாட்டி போடவா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.