குவைத்துக்கு லைன் இல்லாத நாட்கள்

1990 ஆகஸ்டில் ஒரு காலை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வெளியூர்க் கால்களை இணைக்கும் ட்ரங்க் போர்டின் முன் உட்கார்ந்ததும் பம்பாய் ஆபரேட்டர் சொல்லிவிட்டார், குவைத்துக்கு ஒரு லைனும் இல்லை என்று. ஈராக் படை உள்ளே நுழைந்த செய்தியை ரேடியோவில் கேட்டுவிட்டுத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறியிருந்தேன். என் கணவர் தேவராஜ் குவைத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்தார்.

நான் ராஜபாளையம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வீட்டில் போன் இல்லாதவர்கள் எங்கள் கவுண்டருக்கு வந்து கால் புக் செய்துவிட்டுப் பெஞ்சில் காத்திருப்பார்கள். தளவாய்புரத்திலிருந்து ராமலட்சுமி என்ற அம்மா தினமும் வருவார். அவருடைய ஒரே மகன் முனியசாமி குவைத்தில் டிரைவர்.

"தாயி, இன்னைக்காவது லைன் கெடச்சிச்சா?"

"இல்லம்மா. பம்பாய்லயே இல்லைங்கிறாங்க."

"சரி, செத்த நேரம் இருந்து பாக்கேன்."

மத்தியானம் வரை இருப்பார். டீ வாங்கிக் கொடுப்பேன். என் வீட்டுக்காரரும் அங்கேதான் என்று மட்டும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், பிறகு போர்டில் உட்கார முடியாது.

அந்த நாட்களில் என்னால் ஜெபம் செய்ய முடியவில்லை. சின்ன வயதிலிருந்து செய்து பழகியவள்தான். ஆனால் முழங்காலிட்டால் வார்த்தை வரவில்லை. சர்ச்சில் போதகர் ஆறுதல் சொன்னார். காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

ஒருநாள் ராமலட்சுமியம்மா என் கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்துவிட்டார்.

"நீங்க ஏசு சாமியக் கும்புடுறவுகளா? எம் மகனுக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க தாயி. அய்யனார் கோவில்லயும் போயி அழுதுட்டுத்தான் வந்திருக்கேன்."

"சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டேன். கொடுத்த வாக்கை எப்படி மீறுவது? சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சேலைகூட மாற்றாமல் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, தளவாய்புரம் ராமலட்சுமியம்மா மகன் முனியசாமியைக் காப்பாற்றும்" என்றேன். அவருக்காகக் கேட்க வார்த்தை வந்தது. அதன் பின்னாலேயே தேவராஜின் பெயரும் வந்தது. அழுகையும் வந்தது. எழுந்தபோது குவைத் நிலைமை ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனால் நான் சொன்னதை ஒருவர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டது போல் இருந்தது. அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

பிறகு ஜோர்டான் வழியாக விமானத்தில் பம்பாய் வந்து ஆட்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். ஒரு முற்பகல் பம்பாயிலிருந்து ஒரு கால் வந்தது. தளவாய்புரத்தில் ஒரு பலசரக்குக் கடைக்கு, ராமலட்சுமியிடம் பேச வேண்டுமாம். அவர் எங்கள் பெஞ்சில் அல்லவா இருந்தார்! கவுண்டர் போனுக்கே இணைத்துக் கொடுத்தேன்.

"ஏலே முனியா! நீதானா? சாப்ட்டியாலே?" என்றார். அதற்கு மேல் அழுகைதான்.

ரிசீவரை வைத்துவிட்டு என் கையைப் பிடிக்க வந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சூப்பர்வைசர் சார்தான் மெதுவாகச் சொன்னார், "இந்த எஸ்தர் வீட்டுக்காரரும் குவைத்துலதாம்மா இருக்காரு. இன்னும் தகவல் இல்ல."

அந்த அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "எம்புட்டுப் பாரத்த உள்ள வச்சிக்கிட்டு எனக்கு டீ வாங்கிக் குடுத்திருக்கீக!"

மறுநாள் காலையிலும் கவுண்டரில் நின்றார்.

"மகன்தான் வந்துட்டானேம்மா. இன்னும் யாருக்குக் கால்?"

"எனக்கில்ல தாயி, ஒங்களுக்கு. அவிய கொரல நீங்க கேக்குற வரைக்கும் நான் வாரேன்."

முனியசாமி ஊருக்கு வந்து சேர்ந்த பிறகும், அவனுக்குச் சோறாக்கி வைத்துவிட்டுப் பஸ் ஏறி வந்தார். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார். ஆண்டவர் கூடவே இருக்கிறார் என்று நான் சின்னப்பிள்ளையிலிருந்து சொல்லி வந்தவள். கூட இருப்பது என்றால் என்ன என்று அந்தப் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் தெரிந்தது.

ஒரு பிற்பகல் பம்பாய் லைனில் விளக்கு எரிந்தது. ப்ளக்கைச் சொருகி "ராஜபாளையம்" என்றேன். பம்பாய் ஆபரேட்டர் இணைத்ததும் "எஸ்தரு" என்று ஒரு குரல். தேவராஜ்தான். "நல்லாருக்கேன்டா, நாளைக்கு ரயில் ஏறுறேன்" என்றார். சூப்பர்வைசர் சார் என் ஹெட்செட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகச் சொன்னார்.

என் முகத்தைப் பார்த்ததுமே ராமலட்சுமியம்மா எழுந்துவிட்டார். "வந்துட்டாகளா?"

தலையாட்டினேன். சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஒங்க கோவிலு எங்கன இருக்கு? ஒரு கும்புடு போட்டுட்டுப் போறேன்" என்றார்.

எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்திலிருந்த சர்ச்சுக்கு இருவரும் நடந்தே போனோம். வாரநாள், பூட்டியிருந்தது. படியிலேயே உட்கார்ந்தோம். அவர் தலைக்கு மேல் கைகூப்பிக் கும்பிட்டார். நான் வாய்விட்டு நன்றி சொன்னேன், இரண்டு பெயரையும் சேர்த்து.

பணியில் இருந்த காலமெல்லாம் இளைய ஆபரேட்டர்கள் மனம் நொந்து உட்கார்ந்தால் இதைத்தான் சொல்லி வந்தேன். உனக்காகக் கேட்க வாய் வராத நாளில் இன்னொருவருக்காகக் கேள். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.