கை வேணா சுத்தம்

யாருடைய கை தகுந்த கை? ஸ்பீக்கர் அக்காவுக்கு இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் அழுக்குப் பக்கத்தில், அங்கிகளின் பைகளைத் துழாவிக்கொண்டிருப்பாள். அவள் கை படாமல் ஒரு துணியும் இயந்திரத்துக்குள் போகாது. பேனா, பல்செட், கல்யாண மோதிரம் எல்லாம் உரியவரிடம் திரும்பிவிடும், கூடவே வசவும். கீழ்த்தளத்தில் அவள் திட்டுவது மூன்றாம் மாடிவரை கேட்குமாம். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

மாதா கோயில் படியேறிப் பதினொரு வருடம். கடைசியாகப் போன அன்று, பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும் வரிசையில் முந்தியவரைப் பீடத்துக்கு முன்னாலேயே வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டாள். இந்த வாய்க்கு இனி நற்கருணை கிடையாது என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

ஒரு நாள் காலை, தனிமை வார்டு அங்கியொன்றில் ஒரு சிமிழ் தட்டுப்பட்டது. ஸ்பிரிட்டால் துடைத்தாள். கையுறையைக் கழற்றி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் திறந்தாள். உள்ளே நற்கருணை, வெள்ளை அப்பம். உடனே மூடினாள். நோயாளியைப் பார்க்க வந்த சாமியார் போட்டுக் கழற்றிய அங்கி அது. எங்கே வைப்பது? சுற்றிலும் அழுக்குத் துணி. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் நின்றாள்.

"என்னக்கா, வாய்க்குப் பூட்டா?" என்று பக்கத்தில் இருந்தவள் சீண்டினாள்.

குப்பைக்கூடை ஒன்று விடாமல் தேடிவிட்டு சாமியார் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். சிமிழைப் பார்த்ததும்தான் அவருக்குப் போன உயிர் வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டார். அவள் நீட்டினாள், அவர் வாங்கவில்லை. அப்போது ஸ்கேனுக்குப் போயிருந்த நோயாளி திரும்பி வந்து காத்திருக்கிறார், நீங்களே கொண்டுவந்து கொடுங்கள் என்றார்.

"வாய் சரியில்ல சாமி. கை வேணா சுத்தம்."

"கையைத்தாம்மா கேக்குறேன்."

லிஃப்டில் ஏறாமல் படியில் போனார்கள், வழியெல்லாம் அவள் தன் பாவங்களை அவரிடம் சொன்னாள். பாவசங்கீர்த்தனம் செய்ய மூணு மாடி பத்தலை என்று அவளே இப்போது சொல்லிச் சிரிக்கிறாள். அன்று அந்த நோயாளி வாயைத் திறந்தபோது அப்பத்தை அவர் நாக்கில் வைத்தாள். கொடுத்து முடித்ததும், பதினொரு வருடமாக அடக்கிவைத்திருந்தது போல ஒரு பெருமூச்சு விட்டாள்.

இப்போது ஞாயிறுதோறும் வார்டுகளுக்கு நற்கருணை கொண்டுபோவது அவள்தான். வசவு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது, குறைந்திருக்கிறது, அவ்வளவே.

சாமி காரியம் செய்கிற கையாயிற்றே, இனி இஸ்திரி அறைக்கு, சுத்தப் பக்கத்துக்கு, வந்துவிடுங்கள் என்று மேற்பார்வையாளர் கூப்பிட்டார். எல்லோரும் ஏங்குகிற இடம் அது. அவள் தலையசைத்து மறுத்துவிட்டாள். அடுத்த அங்கியை இழுத்து, அதன் பைக்குள் கையை விட்டாள்.