பிப்ரவரிக்காக ஏலகிரியில் அரை மணி நேரம்

முதலில் ஒரு திருத்தம். மகள் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறாள், தாய் ஏலகிரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று எங்கள் ஊர் மாதனூரில் பேசிக்கொள்கிறார்கள். நான் எதையும் சுற்றிப் பார்க்கவில்லை. கையுறை இல்லாமல், விடியற்காலைக் குளிரில், ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கத்தான் போனேன்.

காரணம் இது. என் ஒரே மகள் ஷீலா, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சிறிய மீன்பிடி ஊரில் நர்ஸ். பிப்ரவரியில் அவளுக்கு இடுப்பு மூட்டில் ஆபரேஷன். ஆறு வாரம் கூடவே ஆள் வேண்டும். எனக்கு விசா வந்துவிட்டது. தடையாக இருப்பவை என் விரல்கள். குளிர் பட்டால் வெளுத்து மரத்துப்போகும். முற்றினால் புண்ணாகும் என்று வேலூர் டாக்டர் எச்சரித்திருக்கிறார். வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடிக்க முடியாதவள், நடக்க முடியாதவளுக்கு என்ன துணை?

ஷீலா போன வருடம் முழுவதும் வாசல் தெர்மாமீட்டரைப் பார்த்து, மாதவாரியாக எழுதி அனுப்பிய பட்டியல் என்னிடம் இருக்கிறது. நம் பருவக் கணக்கு அங்கே உதவாது. நமக்கு மே உச்சம். அங்கே மே மாதத்தில் கடலிலிருந்து மூடுபனி வந்தால் நண்பகலிலும் பத்து டிகிரிதான். கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுகிறது. அதனால் இதமான மாதம் ஆகஸ்ட்: பகலில் பதினெட்டு, விடியலில் பன்னிரண்டு. கடுங்குளிர் டிசம்பரில் அல்ல, பிப்ரவரியில்: பகலில் ஆறு, விடியலில் ஒன்று.

அந்தக் குளிரை விரல்கள் தாங்குமா என்று சோதிக்க, டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை காலை 4.10க்குக் கிளம்பினேன். ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், அதில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். கார் வாடகை போகவர 2,400 ரூபாய். ஓட்டிய தனசேகர், வார நாட்களில் ஷூ கம்பெனி பஸ் ஓட்டுபவர். அதே கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்.

"இன்னா மேடம், அவனவன் ஸ்வெட்டர் எடுத்துக்குனு போறான், நீங்க தெர்மாமீட்டர் எடுத்துக்குனு வர்றீங்க?"

"நீ ரோட்டைப் பார்த்து ஓட்டுப்பா."

"பாத்துக்கினுதான் இருக்கேன். குளிர் ஜாஸ்தியானா சொல்லுங்க, கண்ணாடிய ஏத்திடறேன்."

"இறக்கியே இருக்கட்டும்."

5.45க்கு ஏரி அருகே, மூடியிருந்த ஒரு கடையின் பெஞ்சில் உட்கார்ந்தேன். தெர்மாமீட்டர் பதினான்கு காட்டியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்து விரல்களைப் பார்த்தேன். 6.15 வரை ஒரு விரல்கூட வெளுக்கவில்லை. நோட்டில் 'பாஸ்' என்று எழுதிவிட்டு, கொஞ்சம் பெருமையோடு பட்டியலைத் தனசேகரிடம் காட்டினேன். அவர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"மேடம், பதினாலுன்னா இது அங்க ஆகஸ்ட்டு."

"ஆமாம்."

"நீங்க போப்போறது பிப்ரவரி."

பட்டியலைத் திரும்ப வாங்கி, பிப்ரவரி வரியைப் பார்த்தேன்.

"மேல் பொட்டில நல்ல ஜோடியா ஒண்ணு எடுத்துப் பாத்துட்டு, முழு லாட்டு ஷூவையும் பாஸ் பண்ணிட்டீங்களே. கம்பெனி லைன்ல யாராவது இத பண்ணிருந்தா உட்ருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன். வண்டியை எடுப்பா."

இருபத்தெட்டு வருடத்தில் ஒரு லாட்டையும் நான் அப்படி விட்டதில்லை. இறங்கும்போது வளைவுகளைக்கூட எண்ணவில்லை. எங்கள் பக்கத்தில் எனக்குக் கிடைக்கக்கூடிய அதிகக் குளிர், அவள் ஊரில் கோடைக்காலம். அதற்குக் கீழே சோதித்துப் பார்க்க, ஒரு காலையில் போய்த் திரும்பும் தூரத்தில் வேறு மலை இல்லை.

ஷீலாவைக் கேட்டால், "பேஜார் ஆவாதீங்க மம்மி, நானே பாத்துக்கறேன்" என்கிறாள். ஆறு வயதில் கை ஒடிந்தபோதும் இதையேதான் சொன்னாள்.

ஏலகிரியின் குளிரைப் பார்க்க விரும்புபவர்கள் ஆறு மணிக்கு முன் மேலே இருங்கள். ஏழரைக்குள் வெயில் ஏறிவிடும். தெர்மாமீட்டரைக் கைப்பையிலிருந்து எடுத்தவுடன் படிக்காதீர்கள். பத்து நிமிடம் வெளியே வைத்த பிறகே அது உண்மை சொல்லும்.

இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் நான் டிக்கெட்டை உறுதி செய்ய வேண்டும், அல்லது ஷீலா வேறு ஆள் பார்க்க வேண்டும். விரல் வெளுக்கும் உபாதையோடு இப்படியொரு கடற்கரை ஊரில் பிப்ரவரியைக் கழித்தவர் யாராவது இதைப் படித்தால், மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். கடல்காற்றில் எத்தனை நிமிடம் நிற்க முடிந்தது? காலையில் எழுந்தபோது சமையலறையில் எத்தனை டிகிரி? பாத்திரத்தைக் கைப்பிடி நழுவாமல் தூக்க முடிந்ததா? ஆறுதல் வேண்டாம். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்புங்கள்.