தேய்த்தும் போகாத கறுப்பு

உங்கள் வீட்டுப் பையனின் பின்கழுத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பெண்ணின் கழுத்தைக் கேட்கவில்லை. அதைப் பார்த்திருப்பீர்கள். சங்கிலி ஏறப்போகிற கழுத்து, பெண் பார்க்க வருகிறவர்கள் கண் படப்போகிற கழுத்து. அது கறுத்தால் ஊரே வந்து சொல்லிவிடும். கேள்வி பையனைப் பற்றியது.

கோவில்பட்டியில் எண்ணெய்க்கடை கொம்பையாவின் மனைவி ராதாமணியும் 2003 வரைக்கும் மகன் கழுத்தைப் பார்த்ததில்லை. மகள் ஜெயப்பிரியாவின் கழுத்தோடுதான் தினமும் மல்லுக்கட்டினாள். பிள்ளை குண்டு. கழுத்து மடிப்பில் வெல்வெட் துணி ஒட்டியதுபோல் ஒரு கறுப்பு. பயத்தமாவு போட்டு, நார் நாராகக் காய்ந்த பீர்க்கங்கூட்டை வைத்துத் தேய்ப்பாள். தோல் சிவந்து பிள்ளை அழுமே தவிர, கறுப்பு அசையாது.

"ஒழுங்காக் குளிச்சா இப்படி அழுக்கு சேருமாட்டி?"

"தேய்ச்சுத்தாம்மா குளிக்கேன். அது போக மாட்டேங்கு."

மகன் மணிகண்டபிரபு எட்டாம் வகுப்பு. தங்கையைவிடப் பருமன். அவனைப் பிடித்துத் தேய்க்க யாரும் போகவில்லை. கடைக்கு வருகிறவர்கள், "அண்ணாச்சி, மகன் பயில்வான் கணக்கால்லா இருக்கான்" என்றால் கொம்பையாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். விளாத்திகுளத்துப் பக்கம், மழை பொய்த்த வருஷங்களில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தவர் அவர். பிள்ளைகள் உடம்பில் சதை இருப்பது பஞ்சத்தை அவர் ஜெயித்ததற்கு அத்தாட்சி. ஆனால் அந்த ஜெயத்திலும் ஓரவஞ்சனை இருந்தது. பையனின் சதை பெருமை, பெண்ணின் சதை கவலை. அவன் தட்டில் இன்னொரு ஆம்லெட் விழும்போது அவள் காதில் "போதும், எந்திரி" விழும்.

பிரபு வீட்டுக்குள்ளும் சட்டையைக் கழற்ற மாட்டான். பம்புசெட்டுக்குக் குளிக்கக் கூப்பிட்டால் வர மாட்டான். கூச்சக்காரன் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டார்கள்.

ஜெயப்பிரியா ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, பத்து வயது முடியும் முன்பே, பெரிய மனுஷி ஆனாள். சேதி கேட்டதும் கொம்பையாவின் அக்கா ராமலட்சுமி கடம்பூரிலிருந்து போளிப் பொட்டலத்தோடு வந்து இறங்கினாள். உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து, நல்லெண்ணெயை நிறைய ஊற்றிப் பிள்ளை முன்னால் வைத்தாள். நேற்றுவரை தின்னாதே என்ற வீடு இன்று தின்னு என்றது. பசிக்கிறதா என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை.

"பாக்கப் பதினஞ்சு வயசுக் கொமரு கணக்கா இருக்கா. இவளைத் தெருவுல நடக்க விட முடியுமா? பள்ளிக்கூடத்தை இதோட நிறுத்திரு தம்பி" என்றாள் ராமலட்சுமி.

"அதான் சரி. எழுதப் படிக்கத் தெரியும்லா, போதும்" என்றார் கொம்பையா.

எட்டாம் வகுப்பில் ராதாமணியையும் இப்படித்தான் நிறுத்தினார்கள். அவளாவது எட்டைப் பார்த்தாள். மகளுக்கு ஐந்தே முடிவா? உடம்பு தன் வேலையைச் செய்ததற்குப் புத்திக்கு எதற்குத் தண்டனை? தெருவில் கெட்ட கண் இருந்தால் அந்தக் கண்ணை அல்லவா வீட்டில் பூட்ட வேண்டும்?

இதை நேராகக் கேட்டால் அந்த வீட்டில் எடுபடாது என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் வாயிலிருந்து வந்தால் கேட்பார்கள் என்று வேறு கதவைத் தட்டினாள்.

"ஏங்க, கழுத்துக் கறுப்பு போகவே இல்லையே. நாளைக்கு ஒரு நகை போட்டா அசிங்கமாத் தெரியாதா? திருநவேலியில பிள்ளைகளைப் பாக்குத டாக்டரம்மா இருக்காவளாம். காட்டிட்டு வாரேன்."

நகை என்றதும் கொம்பையா இறங்கி வந்தார். "சரி. பொம்பளைய மட்டும் தனியாப் போவாண்டாம். துணைக்குப் பிரபுவைக் கூட்டிட்டுப் போ."

ஆண் துணை பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலோரம் பிடித்து வாய் பிளந்து தூங்கிவிட்டது.

டாக்டரம்மா ஜெயப்பிரியாவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "இது அழுக்கு இல்லம்மா. உடம்புல இன்சுலின் அதிகமா ஓடுதுன்னு தோல் காட்டிக் குடுக்குது. தேய்க்கிறதை இன்னையோட விட்டுருங்க." பிறகு அறை மூலையில் காலாட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார். "தம்பி, இங்க வா. காலரை இறக்கு."

"நான் துணைக்குல்லா வந்தேன்" என்றான் பிரபு.

"துணைக்கு வந்தவனுக்கும் கழுத்து இருக்கும்ல?"

இறக்கினான். தங்கையின் கழுத்தைவிட அது கறுத்துக் கிடந்தது. சட்டையைக் கழற்றச் சொன்னதும் இரண்டு கையாலும் பொத்தான்களைப் பிடித்துக்கொண்டான். டாக்டரம்மா ராதாமணியையும் ஜெயப்பிரியாவையும் வெளியே இருக்கச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராதாமணிக்கு, உள்ளே மகன் விசும்புவது கேட்டது.

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்து சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார்கள்.

"கொழுப்பு சும்மா தொங்குற சதைன்னு நினைக்கோம். அப்படி இல்ல, அதுவும் ஹார்மோன் சுரக்குது. 'சேமிப்பு போதும்'னு மூளைக்குத் தகவல் அனுப்புது. பெண் பிள்ளைகள்ல அந்தத் தகவல் பருவத்தைச் சில நேரம் சீக்கிரமே கொண்டுவந்துருது. உங்க பொண்ணுக்கு வேற கோளாறு எதுவும் தெரியல. இதுல தோஷமும் இல்ல, அவ தப்பும் இல்ல. அதே கொழுப்பு பையன் உடம்புல வேற வேலை பாக்குது. ஆண் ஹார்மோன்ல ஒரு பங்கைப் பெண் ஹார்மோனா மாத்துது. அவன் மார்பு வீங்கியிருக்கு. உங்ககிட்டச் சொல்லலாம்னு அவனே சொன்னதால சொல்லுதேன். அதை மறைக்கத்தான் சட்டையைக் கழட்டாம இருந்திருக்கான்."

ராதாமணி மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"ஆண் பிள்ளைகளுக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயித்துக்குள்ளதான் சேருது. இவனுக்கு ஈரல்ல படிஞ்சிருக்கு. சர்க்கரை எல்லையில நிக்குது. ரெண்டு பேரையும் கவனிக்கணும். ஆனா அவசரம் இவனுக்குத்தான்."

"மருந்து ஏதும் உண்டுமா டாக்டரம்மா?"

"இப்ப வேண்டாம். தினமும் நல்லா நடக்கணும், வேர்க்க வேர்க்க விளையாடணும். கலர் சோடாவும் இனிப்பும் பொரிச்சதும் குறையணும். வளர்ற பிள்ளைகள், பட்டினி போடக் கூடாது. கேலி கண்டிப்பாக் கூடாது."

திரும்பும் பஸ்ஸில் பிரபு தூங்கவில்லை.

"ஏட்டி, ஒனக்கு அழுக்கு இல்லையாம்."

"ஒனக்குத்தான் என்னைய விடக் கறுப்பு."

"இதுல என்னட்டி போட்டி?" என்று அவன் சிரித்தான்.

வீட்டில் கொம்பையா, "கழுத்துக்கு என்ன களிம்பு குடுத்தாவ?" என்று ஆரம்பித்தார். ராதாமணி ஒன்று விடாமல் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. ராமலட்சுமி மட்டும் அசரவில்லை.

"ஆம்பளப் பிள்ளைக்குப் போய்ச் சீக்கா? கண்ணு பட்டிருக்கும். வத்தலைச் சுத்திப் போடு."

"எத்தனை வத்தல் சுத்துனா ஈரல்ல இருக்க கொழுப்பு கரையும் மதினி?"

கொம்பையா குரல் இறங்கிக் கேட்டார், "இப்ப அவனுக்கு என்ன செய்யணும்?"

"நடக்கணும். வேனை நிறுத்திட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகட்டும். ஆனா தனியா விட்டா நடுவழியில சேவுக்கடையில உக்காந்துருவான். துணைக்கு ஆள் வேணும்."

"யாரு போவா?"

"ஜெயப்பிரியா போவா. ரெண்டு பேர் பள்ளிக்கூடமும் ஒரே ரோடுதானே."

"பொட்டப் பிள்ளை துணையா?" என்றாள் ராமலட்சுமி.

"திருநவேலிக்கு அவன் எங்களுக்குத் துணைக்கு வந்தான்லா மதினி. இப்ப இவ முறை."

கொம்பையா மகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "திங்கக்கிழமையில இருந்து போகட்டும்" என்றார்.

பெண்ணின் படிப்புக்காகத் திறக்காத கதவு, பையனின் ஈரலுக்காகத் திறந்தது. இப்படிச் சுற்றி வளைத்ததற்கு வெட்கப்பட வேண்டியவள் ராதாமணி இல்லை. அந்தக் கதவை அடைத்து வைத்திருப்பவர்கள்தான்.

காலையில் இருவரும் நடந்தார்கள். சாயங்காலம் ஹாக்கி மைதானம். ஓட வேண்டாமே என்று பிரபு கோல் காக்க நின்றான். தங்கை அடித்த பந்தெல்லாம் உள்ளே போக, மானம் தாங்காமல் ஓட ஆரம்பித்தான். இருவருக்கும் ஒரே அளவு தோசை, ஒரே கேள்வி: பசிக்கிறதா? கறுப்பு மெல்ல மெல்லத்தான் வெளுத்தது. ஒரு கோடையில் பிரபு பம்புசெட்டில் சட்டையில்லாமல் குதித்தான். ஜெயப்பிரியா இன்னும் கொஞ்சம் பருமன்தான். அதே உடம்போடு ஹாக்கி ஆடினாள், 2008-இல் பத்தாம் வகுப்புத் தேர்வும் எழுதினாள். தேர்வு அறை வரைக்கும் துணைக்குப் போனவன் அண்ணன்.

இன்றைக்குப் பிள்ளைகள் குளித்து வந்ததும் அவர்கள் கழுத்தைப் பாருங்கள். கறுத்திருந்தால் பீர்க்கங்கூட்டைக் கீழே போட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மகளை மட்டும் அல்ல, மகனையும். மறுநாள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து அனுப்புங்கள்.