முத்திருளப்பன் ஏன் இரண்டாம் பாகம் எடுத்தார்?

இயக்குநர் முத்திருளப்பண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் களத்தில் மிளகாய் வற்றலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து பத்திரிகை நண்பர் ஒருவர் கைப்பேசியில் கூப்பிட்டார். "அண்ணன் காலைல தவறிட்டாருங்க" என்றார். அதோடு விடாமல் தொடர்ந்தார். "நல்ல மனுஷன். அந்த ரெண்டாம் பாகத்தை மட்டும் எடுக்காம இருந்திருந்தா எங்கேயோ போயிருப்பார்." எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் தொலைக்காட்சியிலும் இதே பாட்டுதான். மூன்று பேர் உட்கார்ந்து, வெற்றி பெற்ற பேய்ப் படத்துக்கு இரண்டாம் பாகம் தேவையா என்று அவர் புகைப்படத்துக்கு மாலை போட்டுவிட்டு விவாதித்தார்கள். பேராசை என்றார் ஒருவர். தயாரிப்பாளர் நெருக்கடி என்றார் இன்னொருவர். மூன்றாமவருக்கு அண்ணனிடம் சரக்கு தீர்ந்துபோயிருக்கலாம் என்ற சந்தேகம். அடப்பாவிகளா, தெரியாவிட்டால் சும்மா இருக்கக்கூடாதா? அவரோடு பழகிய உங்களுக்காவது காரணம் தெரியவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவர் என் வீட்டுக்கு முதன்முதலாக வந்தது எண்பதுகளின் நடுவில். என் சிறுகதை ஒன்றை ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு, விலாசம் விசாரித்து, நயினார்கோவில் பஸ்ஸில் வந்து இறங்கினார். அவருக்கும் சொந்த ஊர் பக்கத்தில்தான், ஆர்.எஸ்.மங்கலம் தாண்டி. கதையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். அதற்கப்புறம் அவர் பார்வை முழுவதும் வீட்டின் மேல்தான். பட்டாலைக் கூடத்தின் நடுவில் போகும் தேக்கு உத்திரத்தை அண்ணாந்து பார்த்தபடியே, "ஏலே தம்பி, இங்கன ஒரு படம் எடுத்துக்கிறவா?" என்றார். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பஸ் கொஞ்சம் தாமதமானாலே கவிழ்ந்துவிட்டதோ என்று நினைக்கிற ஆள். ஆனாலும் என்ன படம் என்று கேட்காமலே தலையாட்டிவிட்டேன்.

என் மனைவி பஞ்சவர்ணம் அப்போது தலைப்பிரசவத்துக்காக உப்பூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் படப்பிடிப்பு நடந்தது. கதை உங்களுக்கே தெரியும். வாயும் வயிறுமாக இருந்த ஒருத்தி விறகுக்கட்டோடு வீட்டுக்கு வரும் வழியில் விழுந்து செத்துப்போகிறாள். செத்தவள் அந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள். மந்திரவாதி வருகிறான், தோற்கிறான். எல்லோரும் வீட்டைக் காலிசெய்து ஓடுகிறார்கள். கடைசிக் காட்சியில் பூட்டிய வீட்டுக்குள், என் வீட்டு உத்திரத்தில், ஒரு காலித் தொட்டில் தானாக ஆடுகிறது. அவ்வளவுதான் படம்.

அந்தத் தொட்டிலை ஆட்டியது நான்தான். கண்ணுக்குத் தெரியாத தூண்டில் நரம்பைக் கட்டி, கதவுக்குப் பின்னால் நின்று இழுத்தேன். "மெதுவா இழுலே, உள்ள ஒரு பிள்ளை தூங்குதுன்னு நெனைச்சுக்க" என்றார். சொந்தப் பிள்ளை பிறக்கப்போகிற சமயத்தில் இது என்ன வேலை என்று எனக்கு உள்ளூர உதறல். அதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "பயம்ங்கிறது பேயைக் காட்டுறதில்ல தம்பி. காட்டிட்டா முடிஞ்சு போச்சு" என்றார். படம் எங்கும் பிய்த்துக்கொண்டு ஓடியது.

எனக்குப் பெண் பிறந்தாள். மூன்றாம் மாதம் கூட்டிவரலாம் என்று பேச்சு. அதற்குள் படம் தேவிபட்டினத்துக்கு வந்துவிட்டது. என் மாமியார் அதைப் போய்ப் பார்த்துவிட்டார். நான் நல்ல நாள் குறித்துக்கொண்டு உப்பூர் போனால், அத்தை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

"மாப்ள, நீங்க இங்கன எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. ஆனா எம் பேத்தியை அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். அவ தொட்டி ஆடுன உத்திரத்துலயா இவளுக்குத் தொட்டி கட்டுவீக?"

"அத்தை, அது சினிமா. நான்தான் ஆட்டுனேன்."

"நீங்க ஆட்டுனீக. அவ போயிட்டான்னு எங்க காட்டுனாக? படம் முடியுற வரைக்கும் அவ உள்ளதான இருந்தா?"

பஞ்சவர்ணத்தைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எங்கம்மா சொல்றாகன்னு மட்டும் இல்லங்க. எனக்கே கண்ணை மூடுனா அந்தத் தொட்டிதான் ஆடுது" என்றாள். நான் திரும்பி வந்து, அந்த உத்திரத்துக்குக் கீழே ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அப்புறம் வாராவாரம் உப்பூர் போய்வந்தேன். பிள்ளை குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தடவை தூக்கப்போனபோது, என் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதாள். அடையாளம் தெரியவில்லை. பெற்ற பிள்ளை அப்பனைப் பார்த்து அழுவதைவிடப் பயங்கரமான காட்சியை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. இது இப்படியே போய்விடுமோ, நான் சாகும்வரை விருந்தாளியாகவே போய்வருவேனோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குள்ளேயே புலம்பினேன்.

இதே சமயத்தில்தான் அவர் பத்திரிகைகளில் இரண்டாம் பாகம் எடுக்கமாட்டேன் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் கார் அனுப்பிக் கூப்பிட்டும் போகவில்லை. "முதல் பாகத்துல பேய் யாருன்னு தெரியாது. அதனால பயம். ரெண்டாம் பாகத்துல அவ நமக்குச் சொந்தக்காரி மாதிரி ஆயிருவா. சொந்தக்காரியைப் பாத்து எவன் பயப்படுவான்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். தொலைக்காட்சியில் பேசியவர்கள் சொன்னதையெல்லாம், அவர்களுக்கு முன்னாலேயே, அவர்களைவிட நன்றாகச் சொன்னவர் அவர்.

படத்தின் வெற்றி விழாவுக்கு ராமநாதபுரம் வந்தவர், மறுநாள் வீட்டுக்கு வந்தார். ஓட்டலில் வாங்கிவந்த சோற்றை இலையில் வைத்ததும், "எங்கலே வீட்டம்மா? பிள்ளை எங்க?" என்றார். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இலையை மடித்துவிட்டு எழுந்து, "வா, உப்பூர் போவோம்" என்றார்.

அத்தை அவருக்கு மோர் கொடுத்தார். கொடுத்த கையோடு பிடி பிடி என்று பிடித்துக்கொண்டார்.

"நீங்க நம்ம பக்கத்து ஆளுதான? வாயும் வயிறுமா செத்தவளுக்கு என்ன செய்வாகன்னு தெரியாதா உங்களுக்கு? மந்திரவாதியைக் கூட்டியாந்தா அவ போயிருவாளா? சுமைதாங்கிக் கல்லு நட்டீகளா?"

அவர் மோர்ச்செம்பைக் கீழே வைத்தார்.

"ரெண்டு கல்லை நட்டு, மேல ஒரு கல்லை வச்சாத்தான தலைச்சுமைக்காரன் எறக்கி வச்சு இளைப்பாறுவான்? அப்பத்தான அவ வயித்துச் சுமையும் எறங்கும்? கல்லே நடாம அவளைத் தொரத்துனா, பாவம், எங்கன போவா அவ?"

அவர் மோரைக் குடிக்காமலே எழுந்துவிட்டார். பஸ்ஸில் தேவிபட்டினம் தாண்டும்வரை சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "ஊர்க்காரனா இருந்துக்கிட்டு கல்லை மறந்துட்டேனேலே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டாம் பாகம் எடுக்கணும்" என்றார்.

"எடுக்க மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டீகளேண்ணே."

"சொன்னேன். படம் பாக்க வாரவனை நெனைச்சுச் சொன்னேன். உன்னை நெனைச்சா சொன்னேன்?"

இரண்டாம் பாகமும் என் வீட்டிலேயே எடுக்கப்பட்டது. பேய் இன்னும் உக்கிரமாக வரவேண்டும், மூன்றாம் பாகத்துக்கு வழி விடவேண்டும் என்பது தயாரிப்பாளரின் கட்டளை. இவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிவிட்டு, கடைசிக் காட்சியைத் தன் இஷ்டத்துக்கு எடுத்தார். எங்கள் ஊர் முகப்பில், பஸ் நிற்குமிடத்துக்குப் பக்கத்தில் சுமைதாங்கி. அவள் விறகுக்கட்டோடு வருகிறாள். கல்லின் மேல் இறக்கி வைக்கிறாள். மூச்சு வாங்குகிறாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெறும் தலையோடு நடந்து போய்விடுகிறாள். இசைகூடக் கிடையாது.

எனக்கு அப்போதே ஒரு கவலை பிடித்துக்கொண்டது. அது கல்லே இல்லை. பலகையில் சாந்து பூசி வண்ணம் அடித்தது. படப்பிடிப்பு முடிந்ததும் அரங்கம் அமைத்த பையன்கள் அதை ஒரு கையால் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணன் கிளம்பும்போது அவரிடம் இதைச் சொல்லவும் செய்தேன். "அத்தையை எந்தக் கிழமை படத்துக்குக் கூட்டிட்டுப் போறன்னு மட்டும் எனக்குச் சொல்லு" என்றார். டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்யத்தான் கேட்கிறார் என்று நினைத்து, படம் வந்ததும் தபால் ஆபீஸ் போய் டிரங்க் கால் போட்டுச் சொன்னேன்.

ராமநாதபுரத்தில் மதியக் காட்சி. கொட்டகையில் பாதிக்கு மேல் காலி. பஞ்சவர்ணம் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், அத்தை மடியில் பிள்ளை. நான் படத்தைப் பார்க்கவில்லை, அத்தையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் காட்சியில் பின்னாலிருந்து ஒருவன், "யோவ், பேயைப் போகவிட்டா எங்களுக்கு என்னய்யா மிச்சம்?" என்று கத்தினான். சிரிப்பும் விசிலும் பறந்தன. படம் தேறாது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாப்ள, அந்தக் கல்லு நெசமாவே நட்டதா?"

"ஆமா அத்தை" என்றேன்.

"அப்ப வாங்க, பாத்துட்டே வந்துருவோம்."

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. உப்பூருக்குப் போய்விட்டு வேறொரு நாள் வருவார், அதற்குள் எப்படியாவது ஒரு கல்லைத் தேடிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அத்தையோ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நயினார்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நம் பக்கம் தோண்டினால் களிமண்ணும் உப்பும்தான், கல்லுக்கு எங்கே போவது? பஸ் பஞ்சரானால் தேவலை, மழை வந்தால் தேவலை என்று வேண்டாத தெய்வமில்லை. அந்த இடத்தில் வெறும் மண்ணைப் பார்த்தால், அடுத்த பஸ்ஸிலேயே பிள்ளையோடு திரும்பிவிடுவார். பிறகு என் பேச்சை ஜென்மத்துக்கும் நம்பமாட்டார். பஞ்சவர்ணத்துக்கு உண்மை தெரியாது. அவள் வேறு சிரித்த முகமாக வந்துகொண்டிருந்தாள்.

பஸ் நின்றது. இறங்கிப் பார்த்தால், சுமைதாங்கி நிற்கிறது. முந்தின நாள் நான் உப்பூருக்குக் கிளம்பியபோது அங்கே ஒன்றுமில்லை.

ஆனாலும் நான் நம்பவில்லை. பலகைதான் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்தேன். அத்தை நேரே போய், விரலை மடக்கி அதைத் தட்டினார். பிறகு உள்ளங்கையை வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. அசல் கருங்கல். மேற்கேயிருந்து லாரியில் கொண்டுவந்து, நான் கிளம்பியதிலிருந்து விடிய விடிய நின்று நட்டிருக்கிறார் அண்ணன். எதிரே டீக்கடை பெஞ்சில் வேட்டியெல்லாம் களிமண்ணாக உட்கார்ந்திருந்தார், படம் வெளியான வாரத்தில் சென்னையில் இருக்கவேண்டிய இயக்குநர்.

அத்தை பிள்ளையின் துணிமூட்டையைக் கல்லின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு அவரைப் பார்த்தார்.

"இதை மொதப் படத்துலயே செஞ்சிருக்கப்படாதா?"

அவர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டார். "செஞ்சிருக்கணும் ஆத்தா. தப்புத்தான்."

"சரி, வெறும் வயித்தோட இருக்காதீக. வீட்டுக்கு வாங்க, சோறு வடிக்கிறேன்" என்றார் அத்தை. எந்த வீட்டுக்குப் பேத்தியை அனுப்பமாட்டேன் என்றாரோ, அந்த வீட்டுக்கு அவரே எங்களுக்கு முன்னால் நடந்தார். நான் நடுரோட்டில் நின்று அழுதுவிட்டேன். அண்ணன் என் முதுகில் ஒரு தட்டு தட்டி, "நடலே, பசிக்குது" என்றார்.

இரண்டாம் பாகம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதற்கப்புறம் அவரைப் படம் எடுக்க யாரும் கூப்பிடவில்லை. சந்திக்கும்போதெல்லாம் அதைப் பற்றிப் பேச்செடுப்பேன். "பாப்பா என்ன படிக்கிறா?" என்று பேச்சை மாற்றிவிடுவார். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது இதுதான்: என் பிள்ளையை நான் என் வீட்டில் வைத்து வளர்த்தேன். மற்ற அப்பன்மார்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றாது.

என் மகள் இப்போது கல்யாணமாகி மதுரையில் இருக்கிறாள். அவர் எடுத்த படங்களை அவளுக்கு விவரம் தெரிந்த பிறகு கண்ணில் காட்டாமலே வளர்த்தவன் நான், என் பயம் அப்படி. சேதி சொல்லக் கூப்பிட்டபோது அழுதாள். அழுது முடித்துவிட்டு, "அய்யா, இப்பவாவது அந்தப் பேய்ப் படத்தைப் பாக்கவா?" என்று கேட்டாள்.

"பாரு தாயி. ரெண்டையும் பாரு. மொதப் படத்தோட எந்திரிச்சிராத" என்றேன்.