நாரை நிற்க ஒரு சரிவு

1. மெஷினை ஊர் மறித்த நாள்

என் மெஷினுக்கு முன்னால் ஊரே திரண்டு வந்து மறித்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் என் சொந்த ஊர்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. கொல்லிமலையிலிருந்து இறங்கும் ஓடை எங்கள் ஏரியில் வந்து சேரும். அன்று நல்ல கோடை, ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஏரியின் மேல்புறத்தில் என் மரவள்ளிக் காடு இருக்கிறது. அதன் ஓரத்தில் என் பொக்லைன் நின்று, காட்டு மண்ணை வெட்டி ஏரிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. வேலை சூடு பிடிப்பதற்குள் டீக்கடையில் இருந்தவர்கள், வயலுக்குப் போனவர்கள் எல்லோரும் வந்து பக்கெட்டுக்கு நேர் கீழே நின்றுவிட்டார்கள். ஆபரேட்டர் செல்வம் இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு என்னைப் பார்த்தான்.

பாசன சங்கத் தலைவர் பழனியப்பன் என் மனைவி சரசுவுக்குப் பெரியப்பா மகன். அவர்தான் பேசினார்.

"ஏனுங் மாப்ள, ஊரு ஊரா ஏரியத் தூர் வாரிப் பேர் வாங்குனீங்க. சொந்த ஊர் ஏரிய மூடிக் காட்டப் பெருசு பண்ணலாம்னு வந்தீங்களாக்கு?"

கூட்டம் சிரித்தது. என் தொழில் விஷயத்தில் என்னைப் பார்த்து அதுவரை யாரும் சிரித்ததில்லை. தாலுகா ஆபீஸில் முறைப்படி அனுமதி வாங்கியிருந்தேன். ஊரில் சொல்லவேண்டும் என்றுதான் தோன்றவில்லை. நான் ஒரு வேலையில் இறங்கினால் எவன் வந்து கேட்பான் என்ற நினைப்பு.

2. நான் ஏன் அந்த வேலையில் இறங்கினேன்

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போர்வெல் போடும் ரிக் வண்டியில் ராடு தூக்க ஏறி, வடக்கே பல மாநிலம் சுற்றினேன். பிறகு பொக்லைனில் கிளீனர், ஆபரேட்டர், ஓனர். எந்த மாமனும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. இன்ஜினியர் லெவல் மெஷினை வைத்துப் பார்க்கும் முன்னால் நான் கண்ணாலேயே லெவல் சொல்லிவிடுவேன். நாமக்கல், சேலம் இரண்டு பக்கமும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஏரி வேலை என்றால் என் பேரைத்தான் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட என்னிடம் சரசு ஒரே ஒரு காரியம் கேட்டாள். அதைச் செய்ய எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் ஏரி பெருகி, மார்கழிவாக்கில் தண்ணீர் தெளிந்ததும் மேல்புறத்தில் நாரைகள் வந்து இறங்கும். மஞ்சள் மூக்கு, வாலோரத்தில் தாவணிக் கரைபோல ரோஸ் நிறம். கெண்டைக்கால் தண்ணீரில் வரிசையாக நிற்கும். நான் பார்த்தும் பார்க்காததுபோலப் போய்க்கொண்டிருந்தவன். ரிக் வண்டியில் போனால் மாசக்கணக்கில் ஊர்ப்பக்கம் வரமாட்டேன். போன் வசதியும் அப்போது கிடையாது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சரசு தனியாக ஏரியைப் பார்த்தபடி இருந்த வருஷங்கள் அவை.

பிறகு ஒரு சமயம், நான் கர்நாடகத்தில் ரோடு வேலையில் இருந்தபோது, வேறொரு காண்ட்ராக்டர் எங்கள் ஏரியில் ரோட்டுக்கு மண் எடுத்தார். அடுத்த மழைக்கு ஏரி தளும்ப நிறைந்தது. ஊருக்குச் சந்தோஷம். நாரைகள் மட்டும் வரவில்லை. மறு வருஷமும் இல்லை. சரசு தினமும் காலையில் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காபி ஆறும்வரை தண்ணீரையே பார்ப்பாள்.

போனால் போகிறது, பறவைதானே என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"நீங்க ஊட்ல இல்லாத வருசமெல்லாம் அதுகதானுங்க வந்துட்டுப் போச்சு," என்றாள். "இத்தன மெசின் வச்சிருக்கறீங்க. அதுகளத் திரும்ப வர வைக்க முடியாதுங்களா?"

அவள் நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. கேட்டது இதுதான்.

3. டீச்சர் சொன்னது

தை மாதத்தில் நாமக்கல்லிலிருந்து ஒரு கல்லூரி டீச்சர் மாணவர்களோடு பறவை எண்ண வந்தார். கவிதா என்று பேர். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் ஏரி முழுசும் தெரியும் என்பதால் அனுமதி கேட்டு மேலே வந்தார். எவ்வளவு தண்ணீர் பாருங்கள், ஆள் முங்கும் ஆழம், இருந்தும் இந்த நாரைகளுக்கு என்ன கேடு என்று கேட்டேன்.

"ஆழந்தானுங்க ஐயா அதுக்குக் கேடு," என்றார். "நாரை நீந்தி இரை தேடாதுங்க. அதுக்கு நிக்கோணும்."

சரசு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். டீச்சர் விளக்கிச் சொன்னார். நாரை கண்ணால் பார்த்து மீன் பிடிப்பது குறைவாம். மூக்கைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் வீசுமாம். ஒரு காலால் சேற்றைக் கிளறிவிடுமாம். மூக்கில் மீன் பட்டதும் கப்பென்று மூடிக்கொள்ளுமாம். எட்டாத ஆழத்தில் இதெல்லாம் எப்படி நடக்கும்? நாரைக்கு மட்டுமில்லை, கரையோரம் ஓடும் உள்ளான் குருவிக்கு இன்னும் குறைந்த தண்ணீர் வேண்டும், வாத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக. கோரை முளைக்கும் ஆழமில்லாத ஓரத்தில்தான் மீன் குஞ்சு வளரும். ஓடையில் வரும் வண்டலும் அங்கேயே கொஞ்சம் தங்கிவிடும். ஏரியை நாம் தண்ணீர்த் தொட்டியாக நினைக்கிறோம், அதில் குடியிருப்பவர்களுக்கு அது பல அறை கொண்ட வீடு என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் தொழிலில் டிப்பர் எங்கே ரிவர்ஸில் வந்து நிற்குமோ அங்கேதான் தோண்டுவோம். கரையோரம் வெட்டினால் கரைக்கு ஆபத்து. நடுவில் சேறு, வண்டி புதையும். மேல்புறம்தான் காய்ந்த தரை, ரோடும் பக்கம். அங்கே சுவர்போல நேராக வெட்டினால் அளவெடுக்கவும் பில் போடவும் சுலபம். அந்தக் காண்ட்ராக்டரைக் குறை சொல்ல மாட்டேன். நான் வெட்டியிருந்தாலும் அங்கேதான் வெட்டியிருப்பேன். அவரைவிட நேராக வெட்டியிருப்பேன்.

நாரை நின்ற தரை எந்த ரோட்டுக்கு அடியில் கிடக்கிறதோ. அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் புதிதாக ஒரு சரிவு போடலாம். வெட்டுச் சுவரைத் தாண்டி மேலே இருப்பது என் மரவள்ளிக் காடு. அதை உள்ளே தள்ளிச் சரித்து வெட்டி, அந்த மண்ணையே சுவரடியில் இறக்கினால், காட்டிலிருந்து ஏரிவரைக்கும் ஒரே சாய்வு. கண்ணாலேயே லெவல் பார்த்துவிட்டேன்.

4. சுண்ணாம்புக் கோடு

அந்த வேலையைத்தான் ஊர் மறித்தது. முதலில் கத்தினேன். நான் கத்தக் கத்தக் கூட்டம் கெட்டிப்பட்டது. பழனியப்பன் வண்டிச் சாவியைக் கொடுங்கள் என்று கையை நீட்டிவிட்டார்.

அப்போது சரசு வந்தாள். முழங்கால் வலிக்காரி, மெதுவாகத்தான் வந்தாள். கூட்டம் வழிவிட்டது.

"அண்ணா, சாவி அப்பறம் வாங்கிக்கலாமுங்க. எங்க காட்டுல கோடு போட்டிருக்குது, அத ஒருக்காப் பாருங்க," என்றாள். "இவர் வாய்தான் நீளம். செய்யறது சொன்னபடி செஞ்சுருவாரு."

அதற்கும் கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை.

எல்லோரையும் காட்டுக்குள் அழைத்துப்போனேன். மரவள்ளி பிடுங்கிய தரையில், ஏரி ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. இந்தக் கோடுவரைக்கும் இனிமேல் தண்ணீர் ஏறும், இதற்கு ஏரிப்பக்கம் நான் உழமாட்டேன் என்றேன். உள்ளே விழுகிற மண்ணுக்குக் குறையாமல் மேலே இடம் திறக்கிறது, ஏரிக்கு ஒரு குடம் தண்ணீர்கூடக் குறையாது என்றும் சொன்னேன்.

பழனியப்பன் கோட்டின் மேலேயே இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நடந்து பார்த்தார். திரும்பி வந்தவர் குரல் இறங்கியிருந்தது.

"ஏனுங் மாப்ள, காட்டையே ஏரிக்கு உடறீங்க. இத முன்னாடியே சொல்றதுக்கென்னங்?"

"நீங்க கேக்கலியே மச்சான்."

"நீங்க எங்க எங்களப் பேச உட்டீங்க," என்றார். பிறகு செல்வத்தைப் பார்த்து, வண்டியை எடுக்கச் சொன்னார்.

5. காத்திருந்த மழைகள்

அந்தச் சரிவுபோல என் ஆயுளில் நான் வேலை செய்ததில்லை. பக்கெட்டின் முதுகால் தடவித் தடவி இறக்கச் சொன்னேன். செல்வத்துக்குப் பொறுக்கவில்லை. கல்யாண வீட்டில் சாணி மெழுகுகிற மாதிரி இருக்கிறது ஓனர் என்றான்.

முதல் மழைக்குத் தண்ணீர் கோடுவரைக்கும் ஏறியது. கோரை முளைத்தது. பழனியப்பனின் எருமைகள் வழுக்காமல் இறங்கிக் குடித்தன. உள்ளான்கள் வந்து ஓரமெல்லாம் ஓடின. நாரை வரவில்லை. அடுத்த வருஷம் மழை பொய்த்தது, சரிவு நனையக்கூட இல்லை. சரசு மாடி நாற்காலியை உள்ளே எடுத்துப் போடவில்லை.

அதற்கடுத்த மார்கழியில் சேலம் சூரமங்கலத்தில் இருக்கும் எங்கள் மகளுக்குப் பிரசவம். மருமகனுக்கு ரயில்வேயில் வேலை, அவர்களால் அங்கிருந்து நகரமுடியாது. சரசு போய்த் துணைக்கு இருந்தாள். ஒரு காலை நான் மாடிக்கு ஏறினேன். பனி விலகிக்கொண்டிருந்தது. சரிவில் வெள்ளை வெள்ளையாக ஏதோ அசைந்தது. உரச்சாக்குகள் என்று நினைத்தேன். அதில் ஒன்று காலை எடுத்துச் சேற்றைக் கிளறியது.

சரசுவுக்குப் போன் போட்டேன். வந்திருக்குது என்று மட்டும் சொன்னேன்.

"நிக்குதுங்களா?" என்றாள்.

"நிக்குது."

"எங்க?"

"நம்ம காட்டுல."

பேரனை மகளிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். அவள் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறி, நாரைகள் எழும்பி மலைப்பக்கம் போய்விட்டன. ஒன்றுகூட இல்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவில் இறங்கினாள். ஈரச் சேற்றில் நீள நீளமான விரல்களோடு காலடிகள் பதிந்திருந்தன. முழங்கால் வலியோடு குனிந்து, ஒரு தடத்துக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள்.

"எடம் பாத்துட்டுப் போயிருக்குதுங்க," என்றாள்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஏரியில் இறங்கும்போது டிப்பர் எங்கே நிற்கும் என்று மட்டும் பார்க்காதீர்கள், கால் உள்ளது எல்லாம் எங்கே நிற்கும் என்றும் பாருங்கள். மேல்புறத்துச் சரிவில் பக்கெட்டை வைக்காதீர்கள். வைத்துவிட்டால் திரும்பப் போடுவதற்கு என்னைப்போல ஒரு ஆள் வேண்டும், காடும் வேண்டும்.

இப்போது மாடியில் இரண்டு நாற்காலி கிடக்கிறது. யாருக்காகவும் காத்துக்கிடந்த பழக்கமில்லாதவன் நான். மார்கழி பிறந்துவிட்டால் காலை வேலை எதையும் ஒப்புக்கொள்வதில்லை.